பானெட்டைத் திறக்கும் உரிமை யாருக்கு?

2025 செப்டம்பர் 22 அன்று நடைமுறைக்கு வந்த ஜிஎஸ்டி சீரமைப்பு, நடுத்தரக் குடும்பங்களின் கார் கனவை ஓரளவு எளிதாக்கியது. சிறிய கார்களுக்கான வரி 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. அதற்கு மேல் வசூலிக்கப்பட்டுவந்த இழப்பீட்டு வரியும் நீங்கியது. வாகன உதிரிபாகங்கள் அனைத்துக்கும் ஒரே சீராக 18 சதவீத வரி என்று நிர்ணயிக்கப்பட்டது. அந்த நாள்களில் விளம்பரங்களிலும் விவாதங்களிலும் பெரிதும் பேசப்பட்டது ஷோரூம் விலையைப் பற்றித்தான். வாங்கிய காரை அடுத்த 10, 15 ஆண்டுகளுக்கு வைத்துப் பராமரிக்க எவ்வளவு ஆகும், அந்தச் செலவைத் தீர்மானிப்பவர் யார் என்ற கேள்விக்கு அவற்றில் உரிய இடம் கிடைக்கவில்லை.

அந்தக் கேள்வியை மிகச் சிறிய பொருள் ஒன்றை முன்வைத்து ஆராய விரும்புகிறேன். அது, இன்ஜினின் காற்று வடிகட்டி. நாம் அனைவரும் ‘ஏர் ஃபில்டர்’ என்று அழைக்கும் மடிப்புக் காகிதச் சட்டகம். பெரும்பாலான சிறிய கார்களில் அதன் விலை சில நூறு ரூபாய். மாற்றுவதற்குப் பத்து நிமிடம் போதும். தவறு நேர்ந்தால் உயிருக்கு ஆபத்து விளைவிக்கும் பாகமும் அல்ல. காரில் உரிமையாளர் தன் கையால் செய்துகொள்ளக்கூடிய வேலைகளில் இதைவிட எளியது அரிது. அப்படியிருந்தும், படித்த கார் உரிமையாளர்களில் பலர் அந்தக் கறுப்புப் பெட்டியைத் திறந்து பார்த்ததே இல்லை. ‘திறந்தால் வாரண்டி போய்விடும்’ என்ற அச்சம், ‘அதெல்லாம் சர்வீஸ் சென்டரில் பார்த்துக்கொள்வார்கள்’ என்ற பழக்கம் ஆகிய இரண்டுமே அதற்குக் காரணம். இந்த அச்சமும் பழக்கமும் எங்கிருந்து வந்தன என்று தேடிப்போனால், அது ஒரு பெரிய பொருளாதாரக் கேள்வியில் போய் முடிகிறது.

இன்ஜின் விடும் மூச்சு

முதலில் இந்தப் பாகம் என்ன செய்கிறது என்று பார்ப்போம். ஒரு கிலோ பெட்ரோல் முழுமையாக எரிவதற்கு ஏறத்தாழ 14.7 கிலோ காற்று தேவை. கன அளவில் சொன்னால், ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு ஏறக்குறைய 9,000 லிட்டர் காற்று. லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடும் கார், 10,000 கிலோமீட்டர் ஓடி முடிக்கும்போது சுமார் 6,000 கன மீட்டர் காற்றை உள்ளிழுத்திருக்கும். சராசரி மனிதர் ஒருவர் ஒன்றரை ஆண்டு காலம் சுவாசிக்கும் காற்றுக்கு இது ஏறக்குறையச் சமம்.

அந்தக் காற்று நம் சாலைகளின் காற்று. மண்புழுதி, கட்டுமானத் தூசி, டயரும் பிரேக்கும் தேய்ந்து பறக்கும் துகள்கள் அனைத்தும் அதில் கலந்திருக்கின்றன. மண்புழுதியில் இருக்கும் குவார்ட்ஸ் துகள், கனிமங்களின் கடினத்தன்மையை அளக்கும் மோஸ் அளவுகோலில் 7-ஆம் படியில் இருப்பது. சிலிண்டர் சுவருக்கும் பிஸ்டன் வளையத்துக்கும் இடையே அது புகுந்தால் உப்புத்தாள்போலத் தேய்க்கும். தேய்மானம் மெல்ல மெல்லக் கூடும். இன்ஜின் ஆயில் எரியத் தொடங்கும். புகைபோக்கியில் நீலப் புகை வரும். கடைசியில் இன்ஜினையே பிரித்து வேலை பார்க்க வேண்டிய நிலை ஏற்படும். சில நூறு ரூபாய்ப் பாகம் தடுத்து நிறுத்துவது, பல்லாயிரம் ரூபாய் செலவை.

இங்கே பரவலான நம்பிக்கை ஒன்றையும் திருத்திக்கொள்வது நல்லது. ‘ஃபில்டரை மாற்றினால் மைலேஜ் கூடும்’ என்று சொல்லி விற்பவர்கள் அநேகர். அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009-இல் இதைச் சோதித்துப் பார்த்தது. கணினியால் எரிபொருள் கட்டுப்படுத்தப்படும் நவீன பெட்ரோல் கார்களில், அடைபட்ட வடிகட்டியால் மைலேஜில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை என்பது அதன் முடிவு. காற்று குறைந்தால் அதற்கேற்ப எரிபொருளையும் கணினி குறைத்துவிடுகிறது என்பதே காரணம். வண்டியின் இழுவைத் திறன்தான் குறைகிறது. கார்புரேட்டர் காலத்துப் பழைய வண்டிகளில் மட்டுமே மைலேஜ் ஓரளவு பாதிக்கப்பட்டது.

இன்னொரு செய்தி இதைவிட வியப்பானது. காகித வடிகட்டி புத்தம் புதிதாக இருக்கும்போது இருப்பதைவிட, சிறிது தூசி படிந்த பிறகு இன்னும் நுண்ணிய துகள்களைப் பிடிக்கிறது. படிந்த தூசியே ஒரு கூடுதல் வடிகட்டிப் படலமாகச் செயல்படுகிறது. எனவே, வடிகட்டி சற்றுக் கறுத்திருப்பதாலேயே அது பயனற்றுப்போனதாகப் பொருள் இல்லை. சர்வீஸ் சென்டரில் ஊழியர் ஒருவர் கறுத்த வடிகட்டியைக் கையில் எடுத்துவந்து காட்டி, ‘சார், பாருங்கள்’ என்று சொல்லும்போது, இந்த ஒரு செய்தி தெரிந்தவர் கேட்கும் கேள்வி வேறு. தெரியாதவர் தலையசைக்கும் விதம் வேறு.

பத்து நிமிட வேலை

மாற்றும் முறை அநேகமாக எல்லாச் சிறிய பெட்ரோல் கார்களிலும் ஒரே மாதிரியானது. இன்ஜினை நிறுத்தி, சூடு தணியும் வரை காத்திருக்க வேண்டும். பானெட்டைத் திறந்தால் தடித்த குழாய் ஒன்று இணைந்திருக்கும் கறுப்பு பிளாஸ்டிக் பெட்டி தெரியும். அதன் மூடியை நான்கைந்து உலோகக் கிளிப்புகளோ திருகுகளோ பிடித்திருக்கும். அவற்றை விடுவித்து மூடியைத் தூக்கினால் வடிகட்டி கண்ணில்படும். அது எந்தப் பக்கம் பார்த்து அமர்ந்திருக்கிறது என்பதைக் கவனித்துக்கொண்டு வெளியே எடுக்க வேண்டும்; அலைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொண்டால் இன்னும் நல்லது. பெட்டியின் அடியில் தேங்கியிருக்கும் தூசியையும் சருகையும் உலர்ந்த துணியால் துடைக்க வேண்டும். இன்ஜினுக்குள் செல்லும் குழாயின் பக்கம் தூசி விழாமல் பார்த்துக்கொள்வதுதான் இதில் முக்கியமான கவனம். புதிய வடிகட்டியின் ரப்பர் விளிம்பு நான்கு பக்கமும் சரியாக அமர்ந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்து, மூடியைப் பொருத்த வேண்டும். விளிம்பில் இடைவெளி இருந்தால், வடிகட்டப்படாத காற்று அந்த வழியே உள்ளே போகும். அது வடிகட்டியே இல்லாததற்குச் சமம்.

செய்யக் கூடாதவையும் சில உண்டு. காகித வடிகட்டியைத் தண்ணீரில் கழுவக் கூடாது. பெட்ரோல் பங்க்கில் டயருக்குக் காற்றடிக்கும் குழாயை வைத்து அழுத்தத்துடன் ஊதக் கூடாது. காகிதத்தில் கண்ணுக்குத் தெரியாத கிழிசல் விழும். காற்றுக் குழாயில் பொருத்தப்பட்டிருக்கும் சென்சாரைத் தொடக் கூடாது. எப்போது மாற்ற வேண்டும் என்பதற்கு, காருடன் வரும் உரிமையாளர் கையேடே இறுதிச் சொல். பொதுவாக 30,000 முதல் 40,000 கிலோமீட்டர் என்று அவற்றில் குறிப்பிடப்பட்டிருக்கும். புழுதி மிகுந்த சாலைகளில் ஓடும் வண்டிகளுக்கு அதற்கு முன்பே மாற்ற வேண்டும் என்ற குறிப்பும் இருக்கும். கல்குவாரிப் பகுதியில் ஓடும் காருக்கும் மாநகரின் தார்ச்சாலையில் அலுவலகம் போய்வரும் காருக்கும் ஒரே கணக்கு பொருந்தாது.

இவ்வளவுதான் விஷயம். எட்டாம் வகுப்பு மாணவருக்கு ஒரு முறை காட்டினால் அடுத்த முறை அவரே செய்துவிடுவார். பிறகு ஏன் இதற்கு ஒரு பணிமனை, ஒரு டோக்கன், ஒரு நாள் காத்திருப்பு?

பில்லில் தெரியும் உலகம்

எங்கள் குடும்பக் காரின் கடந்த சில ஆண்டுப் பராமரிப்பு ரசீதுகளை அண்மையில் வரிசையாக வைத்துப் பார்த்தேன். பாகத்தின் விலை ஒரு வரி; அதைப் பொருத்துவதற்கான கூலி இன்னொரு வரி; ‘சுத்தப்படுத்துதல்’, ‘சோதனை’, ‘சிகிச்சை’ என்ற பெயர்களில் மேலும் பல வரிகள். வரியும் சேர்ந்து கடைசித் தொகை வந்து நிற்கும்போது, அதில் எது கட்டாயம், எது விருப்பத்துக்கு உரியது என்று பிரித்தறிய வாடிக்கையாளருக்கு வழியில்லை. கழற்றப்பட்ட பழைய பாகம் ஒரு முறைகூட என்னிடம் திருப்பித் தரப்படவில்லை. இவை எவையும் மோசடி என்று நான் சொல்ல வரவில்லை. விற்பவருக்குத் தெரிந்ததெல்லாம் வாங்குபவருக்குத் தெரியாத இடத்தில், சந்தை இயல்பாகவே விற்பவர் பக்கம் சாய்கிறது என்பதைத்தான் சொல்கிறேன்.

மாதச் சம்பளம் வாங்குபவருக்கு இது எரிச்சலோடு முடிந்துவிடும் விஷயம். கடனில் ஒரே ஒரு காரை வாங்கி, அதை வாடகைக்கு ஓட்டிப் பிழைப்பவருக்கு அப்படி அல்ல. அவருடைய கார் மாதத்துக்கு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஓடுகிறது. ஆண்டுக்கு ஒருமுறை நமக்கு வரும் செலவு, அவருக்கு இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்துவிடும். வண்டி பணிமனையில் நிற்கும் ஒவ்வொரு நாளும் வருமானமற்ற நாள். மாதத் தவணையோ நிற்காது. அவர் செய்துகொள்ளும் ஒவ்வொரு சிறு வேலையும் அவர் வீட்டு அடுப்பைத் தொடும் கணக்கு. பழுதுநீக்கும் உரிமை என்பதை வசதி படைத்தவர்களின் வார இறுதிப் பொழுதுபோக்காகப் பார்ப்பவர்கள், வாடகை கார் நிறுத்தங்களில் சிறிது நேரம் நின்று பேசிப் பார்க்கலாம்.

2014 தீர்ப்பும் அதன் பின்னரும்

இந்த ஏற்றத்தாழ்வை இந்தியச் சட்ட அமைப்பு கவனிக்கத் தவறிவிட்டது என்று சொல்ல முடியாது. ஷம்ஷேர் கட்டாரியா என்ற நுகர்வோர் 2011-இல் அளித்த புகாரின் மீது விசாரணை நடத்திய இந்தியப் போட்டி ஆணையம், 2014 ஆகஸ்ட் 25 அன்று ஒரு முக்கியமான ஆணையைப் பிறப்பித்தது. உதிரிபாகங்களையும் பழுதறியும் கருவிகளையும் தொழில்நுட்பக் கையேடுகளையும் அங்கீகரிக்கப்பட்ட டீலர்களுக்கு மட்டுமே கிடைக்கச் செய்து, சுதந்திரமான மெக்கானிக்குகளைப் போட்டியிலிருந்து விலக்கிவைத்ததாக 14 கார் நிறுவனங்கள் குற்றம்சாட்டப்பட்டிருந்தன. அந்தக் குற்றச்சாட்டு உறுதியானது என்று முடிவுசெய்த ஆணையம், அவற்றின் சராசரி விற்றுமுதலில் 2 சதவீதத்தை அபராதமாக விதித்தது. மொத்தத் தொகை ஏறத்தாழ 2,545 கோடி ரூபாய்.

அபராதத்தைவிட முக்கியமானவை அந்த ஆணையில் இருந்த வழிகாட்டுதல்கள். உதிரிபாகங்களும் பழுதறியும் கருவிகளும் வெளிச்சந்தையில் கிடைக்க வேண்டும். அவற்றின் விலைப் பட்டியலை நிறுவனங்கள் தங்கள் இணையதளத்தில் வெளியிட வேண்டும். வெளியில் பழுதுபார்த்தார் என்ற ஒரே காரணத்துக்காக ஒட்டுமொத்த வாரண்டியையும் ரத்துசெய்யும் நிபந்தனையை விதிக்கக் கூடாது. வெளியே செய்த தவறான வேலையால் சேதம் ஏற்பட்டிருந்தால், அந்தச் சேதத்தின் அளவுக்கு மட்டுமே வாரண்டியை மறுக்கலாம். இதன் பொருள் மிக எளிது: காற்று வடிகட்டியை நீங்களே மாற்றினீர்கள் என்பதற்காக, ஸ்டீயரிங்கில் வந்த பழுதுக்கு வாரண்டியை மறுப்பது இந்த வழிகாட்டுதலின் உணர்வுக்கு எதிரானது.

ஆனால், நடந்தது என்ன? வழக்குகள் மேல்முறையீடுகளுக்கும் உயர் நீதிமன்றங்களுக்கும் சென்றன. 2016 டிசம்பரில் போட்டி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம், தன்னிடம் வந்த நிறுவனங்களின் தவறை உறுதிசெய்தபோதிலும், மொத்த விற்றுமுதலுக்குப் பதிலாக உதிரிபாக விற்பனையை மட்டும் அடிப்படையாகக் கொண்டு அபராதத்தைக் குறைத்தது. சட்டப் போராட்டம் இவ்வாறு நீண்டுகொண்டிருக்க, ஆணையின் சாரம் சாதாரண கார் உரிமையாளரின் காதுக்கு எட்டவே இல்லை. 2014-க்குப் பின் கார் வாங்கியவர்களில் எத்தனை பேருக்கு ஷோரூமில் இந்தச் செய்தி சொல்லப்பட்டிருக்கும்? எனக்குத் தெரிந்தவர்களில் ஒருவருக்கும் சொல்லப்படவில்லை.

2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை, பழுதுநீக்கும் உரிமைக்கான கட்டமைப்பை வகுக்க ஒரு குழுவை அமைத்தது. வேளாண் கருவிகள், அலைபேசிகள், வீட்டு உபயோகப் பொருள்கள், வாகனங்கள் ஆகிய நான்கும் முன்னுரிமைத் துறைகளாக அறிவிக்கப்பட்டன. அதே ஆண்டு டிசம்பர் 24, தேசிய நுகர்வோர் தினத்தன்று, இதற்கான இணையதளமும் தொடங்கப்பட்டது. 2025 மே மாதம், பொருள்களைப் பழுதுநீக்குவது எவ்வளவு எளிது என்பதை மதிப்பெண்ணாகக் காட்டும் குறியீட்டுக்கான பரிந்துரைகளை இன்னொரு குழு அளித்தது. ஆனால் அந்தக் குறியீடு அலைபேசி, மின்னணுப் பொருள்களை மனதில் கொண்டது. வீட்டை அடுத்து நடுத்தரக் குடும்பம் செய்யும் மிகப் பெரிய செலவான கார் அதில் இடம்பெறவில்லை. இணையதளம் தகவல் தருமே அன்றி, தகவல் தர மறுப்பவரை யாரும் அதன் மூலம் கட்டாயப்படுத்த முடியாது.

பிற நாடுகள் காட்டும் வழி

அமெரிக்காவில் 1975-இலேயே இயற்றப்பட்ட மேக்னுசன்-மாஸ் வாரண்டிச் சட்டம், குறிப்பிட்ட நிறுவனத்தின் பாகத்தையோ சேவையையோ பயன்படுத்தினால்தான் வாரண்டி செல்லும் என்று நிபந்தனை விதிப்பதைப் பொதுவாகத் தடைசெய்கிறது. மாசசூசெட்ஸ் மாகாண மக்கள் 2012-இல் வாக்கெடுப்பின் மூலம் வாகனப் பழுதுநீக்கும் உரிமையை ஆதரித்தனர். 2020-இல் மீண்டும் வாக்களித்து, கார்கள் கம்பியில்லா முறையில் அனுப்பும் தரவுகளுக்கும் அதை விரிவாக்கினர். ஆஸ்திரேலியாவில் 2022 ஜூலை 1 முதல், டீலர்களுக்குக் கிடைக்கும் பழுதுநீக்கும் தகவல்களை நியாயமான விலைக்குச் சுதந்திரமான மெக்கானிக்குகளுக்கும் தர வேண்டும் என்பது சட்டம். கார் தயாரிப்பு நிறுவனங்கள் இந்த நாடுகளை விட்டு ஓடிவிடவில்லை. அங்கு தொடர்ந்து கார்களை விற்றுக்கொண்டுதான் இருக்கின்றன.

நமக்கு இதில் இன்னொரு பாடமும் உண்டு. அது நம் மாநிலத்திலேயே கிடைத்தது. ஃபோர்டு நிறுவனம் இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக 2021 செப்டம்பரில் அறிவித்தது. மறைமலைநகர் ஆலையில் 2022-இல் உற்பத்தி நின்றது. அதற்கு முன்பே, 2017-இன் இறுதியில் ஜெனரல் மோட்டார்ஸ் இந்தியாவில் விற்பனையை நிறுத்தியிருந்தது. உதிரிபாகங்களும் சேவையும் தொடரும் என்று இந்த நிறுவனங்கள் உறுதியளித்தன. எனினும், டீலர் வலைப்பின்னல் சுருங்கும்போது, சிறு நகரங்களில் அந்தக் கார்களை வைத்திருப்பவர்களுக்குத் துணை நிற்பவர்கள் தெருமுனை மெக்கானிக்கும், சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலை போன்ற உதிரிபாகச் சந்தைகளும்தான். தகவலும் கருவியும் அவர்களுக்கு மறுக்கப்பட்டிருந்தால், நல்ல நிலையில் இருக்கும் கார்கள்கூட வெறும் இரும்பாகிவிடும். நிறுவனம் போனாலும் கார் ஓட வேண்டும் என்றால், அதைப் பழுதுநீக்கும் அறிவு நிறுவனத்துக்கு வெளியேயும் இருந்தாக வேண்டும்.

மறுதரப்பின் நியாயம்

நிறுவனங்கள் முன்வைக்கும் வாதங்களில் உண்மை இல்லாமல் இல்லை. முதலாவது, பாதுகாப்பு. பிரேக், ஏர்பேக், ஸ்டீயரிங், மின்சாரக் கார்களின் உயர் அழுத்த பேட்டரி போன்றவற்றில் பயிற்சி பெறாதவர் கைவைப்பது அவருக்கும் சாலையில் செல்லும் பிறருக்கும் ஆபத்து. இரண்டாவது, போலி உதிரிபாகங்கள். அசல் பெட்டியைப் போலவே அச்சிட்ட பெட்டியில், மெல்லிய காகிதமும் தளர்ந்த ரப்பர் விளிம்பும் கொண்ட வடிகட்டிகள் சந்தையில் புழங்குகின்றன. அவற்றைப் பொருத்தினால் இன்ஜின் தேய்வது உறுதி.

ஆனால் இந்த இரு வாதங்களும் எல்லா வேலைகளையும் ஒரே கூடைக்குள் போடுவதற்கான காரணங்கள் ஆகா. காரின் வேலைகளை மூன்று அடுக்குகளாகப் பிரிக்கலாம். காற்று வடிகட்டி, ஏசி வடிகட்டி, வைப்பர், கண்ணாடி கழுவும் நீர் போன்றவை உரிமையாளரே செய்யத் தக்கவை. ஆயில் மாற்றுதல், கிளட்ச், சஸ்பென்ஷன் போன்றவை முறையான தகவலும் கருவியும் உள்ள எந்த மெக்கானிக்கும் செய்யத் தக்கவை. ஏர்பேக், உயர் அழுத்த பேட்டரி போன்றவை சான்று பெற்றவர் மட்டுமே செய்ய வேண்டியவை. மூன்றாவது அடுக்கின் ஆபத்தைக் காட்டி முதல் அடுக்கையும் பூட்டிவைப்பது, மின்மாற்றியைத் தொடக் கூடாது என்பதற்காக வீட்டில் பல்பு மாற்றவும் மின்வாரிய ஊழியரை அழைக்கச் சொல்வதைப் போன்றது. போலிப் பாகங்களுக்கு எதிரான சிறந்த மருந்தும் வெளிப்படைத்தன்மையே. அசல் பாகம் வெளிச்சந்தையில், அறிவிக்கப்பட்ட விலையில், சரிபார்க்கத்தக்க குறியீட்டுடன் தாராளமாகக் கிடைத்தால், போலிக்கான இடம் தானாகவே சுருங்கும். அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் 2021 மே மாதம் நாடாளுமன்றத்துக்கு அளித்த அறிக்கையில், பழுதுநீக்கத்துக்குத் தடை விதிக்க உற்பத்தியாளர்கள் கூறும் காரணங்களுக்குச் சான்றுகள் மிகக் குறைவு என்று குறிப்பிட்டதை இங்கு நினைவுகூரலாம்.

இன்னொரு எதிர்வாதம் காலத்தைச் சார்ந்தது: மின்சாரக் கார்கள் வந்துகொண்டிருக்கும்போது இன்ஜின் காற்று வடிகட்டியைப் பற்றிப் பேசுவது எதற்கு? மின்சாரக் காரில் இந்த வடிகட்டி இல்லை என்பது சரிதான். ஆனால் அங்கே பூட்டு பிளாஸ்டிக் பெட்டியில் இல்லை, மென்பொருளில் இருக்கிறது. கிளிப்பைத் திறந்தால் தெரியும் பாகத்தின் மீதே உரிமையாளருக்கு உரிமை உண்டா என்று தயங்கும் சமூகம், கடவுச்சொல்லுக்குப் பின்னால் இருக்கும் தரவைக் கேட்டுப் பெறப் போவதில்லை. எளிய இடத்தில் இப்போதே உரிமையை நிலைநாட்டாவிட்டால், கடினமான இடத்தில் பின்னர் அது கைகூடாது.

பழைய கார்களும் பராமரிப்பும்

சுற்றுச்சூழல் கோணமும் இதில் உண்டு. டெல்லியில் 10 ஆண்டைக் கடந்த டீசல் வண்டிகளுக்கும் 15 ஆண்டைக் கடந்த பெட்ரோல் வண்டிகளுக்கும் எரிபொருள் இல்லை என்ற உத்தரவு 2025 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்து, சில நாள்களிலேயே எதிர்ப்பின் காரணமாக ஒத்திவைக்கப்பட்டது. பெரிதும் எழுந்த கேள்வி, வண்டியின் வயதை வைத்து அளப்பதா, அது வெளியிடும் புகையை வைத்து அளப்பதா என்பது. என் பார்வையில், வயதும் பராமரிப்பும் சேர்ந்தே புகையைத் தீர்மானிக்கின்றன. தேய்ந்த இன்ஜின் ஆயிலை எரிக்கிறது. ஆயில் எரிந்தால் மாசு கூடுகிறது. பராமரிப்பைக் குறைந்த செலவில் எல்லோருக்கும் எட்டச் செய்வது, காற்று மாசைக் குறைக்கும் கொள்கையின் ஓர் அங்கமாக இருக்க வேண்டும். மேலும், ஒரு புதிய காரைத் தயாரிக்க ஆகும் இரும்பும் அலுமினியமும் ஆற்றலும் கொஞ்சநஞ்சம் அல்ல. ஓடத்தக்க காரை நன்றாக ஓடவிடுவதும் சிக்கனமே.

செய்யக்கூடியவை

இதற்காகப் பெரிய நிதி ஒதுக்கீடு எதுவும் தேவையில்லை. முதலாவதாக, வெளியில் பழுதுபார்த்தாலோ உரிமையாளரே எளிய பாகங்களை மாற்றினாலோ வாரண்டி முழுமையாக ரத்தாகாது என்ற அறிவிப்பு, வாரண்டிப் புத்தகத்தின் முதல் பக்கத்திலும் சர்வீஸ் சென்டரின் வரவேற்பறையிலும் அந்தந்த மாநில மொழியில் இடம்பெறச் செய்ய வேண்டும். இரண்டாவதாக, உரிமையாளர் கையேடு தமிழிலும் கிடைக்க வேண்டும். நான் பார்த்த கையேடுகள் அநேகமாக ஆங்கிலத்திலேயே இருக்கின்றன. ஸ்ரீபெரும்புதூரிலும் ஒரகடத்திலும் தமிழர் கைகளால் தயாராகும் கார்களின் கையேடு தமிழில் கிடைக்க வேண்டும் என்று கோருவது மிகையான ஆசை ஆகாது.

மூன்றாவதாக, பாகத்தின் விலை, கூலி, கட்டாயம், விருப்பம் என்று தனித்தனியே பிரித்த மதிப்பீட்டுக்கு முன்கூட்டியே ஒப்புதல் பெறுவதும், கழற்றிய பழைய பாகத்தை உரிமையாளரிடம் காட்டித் திருப்பித் தருவதும் விதியாக்கப்பட வேண்டும். நான்காவதாக, பழுதுநீக்கக் குறியீட்டைக் கார்களுக்கும் விரிவுபடுத்த வேண்டும். இரண்டு கார்களில் எதை வாங்குவது என்று யோசிப்பவருக்கு, மைலேஜும் பாதுகாப்பு நட்சத்திரமும் தெரிவதைப் போலப் பராமரிப்பின் எளிமையும் தெரிந்தால், நிறுவனங்களே போட்டி போட்டு வடிவமைப்பை எளிதாக்கும். ஐந்தாவதாக, 2022-இல் தொடங்கிய முயற்சி ஒரு தனிச் சட்டமாக உருப்பெற வேண்டும். இணையதளம் வேண்டுகோள் விடுக்கலாம். மறுப்பவருக்குத் தண்டனை விதிக்கச் சட்டத்தால்தான் முடியும்.

அரசு செய்ய வேண்டியவை இவை. உரிமையாளர்களாகிய நாமும் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. போட்டி ஆணையத்தின் வழிகாட்டுதல் வெளியாகிப் பத்தாண்டு கடந்துவிட்டது. பயன்படுத்தப்படாத உரிமை காகிதத்தில் மட்டுமே இருக்கும். அதைக் கேட்பவர்கள் இல்லாதபோது, மறுப்பவர்களுக்கு வேலை எளிது. அடுத்த பராமரிப்புக்கு முன்னர், கார் கையேட்டில் காற்று வடிகட்டி பற்றிய பக்கத்தை ஒருமுறை படித்துப் பாருங்கள். அசல் பாகத்தின் விலையை விசாரியுங்கள். வாரண்டி நிபந்தனையில் உண்மையில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். பிறகு, அந்த வேலையை நீங்களே செய்வதா, நம்பிக்கையான மெக்கானிக்கிடம் விடுவதா, சர்வீஸ் சென்டருக்கே கொடுப்பதா என்று முடிவெடுங்கள். மூன்றில் எதைத் தேர்ந்தாலும் தவறில்லை. ஆனால் அந்த முடிவை, வண்டிக்குப் பணம் கொடுத்தவர் எடுக்க வேண்டும்.